அலுவலகத்தின் ஒரே முதுகு

ஒரு நாட்டின் நிர்வாகத்துக்கு அதன் ஊழியர்களே முதுகெலும்பு என்று பெரியவர்கள் சொல்வார்கள். குடிநீர் இணைப்பு அனுமதி அலுவலகத்தில் அந்த முதுகெலும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கும். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே பதவி உயர்வு பெற்ற பிரிவுத் தலைவர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் எழுந்து நின்றால் முதுகு வளைந்து, தலை முன்னால் நீண்டு, அச்சு அசல் கேள்விக்குறி. அலுவலகமே அவரை அப்படித்தான் அழைத்தது. காதில் விழுந்தாலும் சட்டென்று திரும்பிப் பார்க்க அவரால் முடியாது என்கிற தைரியம்.

கேள்விக்குறிக்கு வாழ்க்கையில் பாக்கியிருந்தது ஒரே ஓர் ஆசை. மகளைத் தொலைவான ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார். பேருந்தில் ஒரு ராத்திரி உட்கார்ந்து போக முதுகு இடம் கொடுக்காததால், பேத்தியைக் கைபேசியில் மட்டுமே பார்த்திருந்தார். அது கைபேசிக்குள்ளிருந்து இரண்டு கையையும் நீட்டி, "தாத்தா, தூக்கு!" என்னும். அவர் கைபேசியைத் தூக்கிக் காட்டுவார். அதற்கே இடுப்பு பிடித்துக்கொள்ளும். விடுமுறைக்கு மகள் வரப்போகிறாள். அதற்குள் எப்படியாவது தேறி, அந்தக் குழந்தையை ஒரு தடவை தரையிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

"மாத்திரை வேஸ்ட்," என்றார் மருத்துவர். "பிலாட்டீஸ்னு பாயில படுத்துப் பண்ற உடற்பயிற்சி இருக்கு, அதைப் பண்ணுங்க. வயித்துக்கும் முதுகுக்கும் பலம் வரும், நிமிர்ந்து நிப்பீங்க, நல்லா தூக்கம் வரும். ஆனா விடாம பண்ணணும். நாலு நாள் பண்ணிட்டு விட்டா நாய் வாலை நிமித்தின கதைதான்."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, அந்த வாரமே தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்து இறங்கியது. 'முறையான பிலாட்டீஸ் பயிற்சியானது உடல் வலிமையையும் மன நலத்தையும் மேம்படுத்துவது உறுதி செய்யப்பட்டுள்ளபடியால், அனைத்து நிலைப் பணியாளர்களும் தினந்தோறும் மேம்படுமாறு இதன்மூலம் ஆணையிடப்படுகிறது.'

மறுநாள் கூட்ட அறையில் பாய்கள் விரிக்கப்பட்டன. நீலக் காலுறை போட்ட ஒரு பயிற்சியாளர் பெண் வந்து, "எல்லாரும் மல்லாந்து படுங்க" என்றாள்.

ஒருவரும் படுக்கவில்லை. எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். இயக்குநர் பாயைப் பார்த்தார்.

"நான் தரையில படுத்தா, எனக்குக் கீழ வேலை செய்யறவங்க எங்க படுப்பாங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இயக்குநரும் எழுத்தரும் ஒரே மட்டத்தில் படுத்தால் அப்புறம் நிர்வாகம் எதற்கு? எனவே இயக்குநர் கூட்ட மேசை மேல் ஏற்றப்பட்டார். துணை இயக்குநருக்கு அதைவிடக் கொஞ்சம் தாழ்ந்த மேசை. பிரிவுத் தலைவர்களுக்குப் பெஞ்சு. மற்றவர்கள் தரை.

"இப்ப மூச்சை விட்டுக்கிட்டே, வயித்தை உள்ள இழுத்து, இடுப்பை மெதுவா தூக்குங்க."

கேள்விக்குறி தூக்கினார். முதுகுக்குள் பல வருஷமாகத் திறக்காத ஜன்னல் ஒன்று லேசாகத் திறந்த மாதிரி இருந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இப்ப ரெண்டு காலையும் மேல நீட்டுங்க."

அங்கேதான் வினை. அலுவலகம் மொத்தமும் காலைத் தூக்க, அத்தனை உள்ளங்கால்களும் இயக்குநரின் முகத்தை நோக்கி நின்றன. இயக்குநர் மேசையிலிருந்து இறங்கிவிட்டார்.

"இது ஒழுங்கீனம். ஆனா ஆணையையும் மீற முடியாது." கொஞ்சம் யோசித்தார். அவர் முகத்தில் ஒளி வந்தது. "நான் ஊர்ல இல்லாதப்ப கடிதத்துல யார் கையெழுத்துப் போடுறது?"

"நான்தான் சார்," என்றார் துணை இயக்குநர். "'இயக்குநருக்காக'ன்னு எழுதிப் போடுவேன்."

"அது செல்லுமா?"

"தாராளமா செல்லும் சார்."

"கையெழுத்து செல்லும்னா காலும் செல்லும். இனிமே எனக்காக நீங்க பண்ணுங்க."

பயிற்சியாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சார், வயிறு அவங்கவங்களோடது சார்!"

"வயிறு சொந்த விஷயம்மா. பயிற்சி அலுவலகப் பணி. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

துணை இயக்குநர் தன் பங்கையும் இயக்குநர் பங்கையும் சேர்த்துக் கேள்விக்குறியிடம் தள்ளினார். கேள்விக்குறி மட்டும் தயங்கினார். "சார், எனக்கு நெஜமாவே முதுகு வலி. நானே படுத்துக்கறேனே."

"நீங்க படுத்தா அது நீங்க படுத்ததாகுமா? அந்தப் பதவியே தரையில படுத்ததாகும். ஒப்படைங்க," என்றார் துணை இயக்குநர்.

அவர் எழுத்தரிடம் ஒப்படைத்தார். எழுத்தர் தட்டச்சரிடம். தட்டச்சர், தேநீர் கொண்டுவரும் கடைநிலை ஊழியரிடம். அவர் பெயர் ஈர்க்குச்சி. ஆள் அவ்வளவு ஒல்லி, அவர் உள்ளே வந்தால் மின்விசிறியைக் குறைத்து வைப்பார்கள்.

"எனக்குக் கீழ யாரும் இல்லீங்களே?" என்றார் ஈர்க்குச்சி.

"பாய் இருக்குல்ல, படு," என்றார்கள்.

அன்றிலிருந்து அலுவலகம் முழுவதும் ஒரு நாள் தவறாமல் பிலாட்டீஸ் செய்தது. அதாவது ஈர்க்குச்சி செய்தார். காலையில் 'இயக்குநருக்காக' என்று படுத்தால், 'தட்டச்சருக்காக' என்று எழுந்திருக்கும்போது பொழுது சாய்ந்துவிடும். தேநீர் கொடுக்க ஆளில்லை. தேநீரைக் குடிக்கிற வேலையை மட்டும் யாரும் யாரிடமும் ஒப்படைக்காததால் அதில் சிரமம் வந்தது.

பிலாட்டீஸ் பொய் சொல்லாது. மாதங்கள் போகப் போக ஈர்க்குச்சி தேறினார். வயிறு பலகையாயிற்று, முதுகு தூணாயிற்று. படுத்த மாத்திரத்தில் தூங்கினார், எழுந்ததும் பாடினார். நிமிர்ந்து வராந்தாவில் நடந்து வந்தால், அனுமதிக்காகக் காத்திருக்கும் ஜனங்கள் இவர்தான் இயக்குநர் என்று எழுந்து நின்றார்கள். அலுவலகத்துக்கும் பெருமைதான். யாருக்காவது ரத்தப் பரிசோதனை என்றால் ஈர்க்குச்சியின் ரத்தம் போயிற்று. 'உடல் நலத்தில் சிறந்த அதிகாரி' விருது இயக்குநருக்கு வந்தது. மேடை ஏற மூச்சு வாங்கியதால், அதையும் ஈர்க்குச்சியே ஏறி வாங்கிக்கொண்டார்.

இப்படி ஒரு நல்ல ஏற்பாட்டை உடற்பயிற்சியோடு நிறுத்திவிட முடியுமா? பேருந்து நிலையத்தில் பழக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, வீட்டுக்குக் குழாய் கேட்டு வருஷக்கணக்கில் நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அலுவலகத்தில் குழாயம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. குழாய் கேட்டவளுக்குப் பெயரிலாவது அது கிடைத்தது. ஒரு நாள் கேள்விக்குறி அவளைக் கூப்பிட்டு நல்ல செய்தி சொன்னார்.

"அம்மா, உங்க இணைப்பு குடுத்தாச்சு."

"அப்படியா! எங்க வீட்ல ஒண்ணும் காணோமே?"

"உங்க சார்பா அடுத்த தெருவுல ஒருத்தருக்குக் குடுத்திருக்கோம்."

குழாயம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப தாகமும் அவருக்கே எடுக்கும்ல?"

"அதுக்கு எங்க ஆபீஸ் பொறுப்பில்லைம்மா. நாங்க குழாய் மட்டும்தான்."

அவள் பழையபடி வரிசையில் போய் நின்றாள். வேறெங்கே நிற்பாள்?

கேள்விக்குறியின் முதுகோ நாளுக்கு நாள் வளைந்துகொண்டே போயிற்று. வீட்டில் மனைவி பொறுமை இழந்தாள்.

"ஏங்க, அவங்க சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. நீங்க வீட்ல பாயை விரிச்சுப் பண்ணக் கூடாதா?"

"அதெப்படி? ஆபீஸ்ல என் பேர்ல தெனமும் நடக்குது. வீட்லயும் பண்ணா ரெட்டிப்பாயிடும். உடம்பு தாங்காது."

"யார் உடம்பு?"

அவர் தலையணையைச் சரிசெய்து சாய்ந்துகொண்டார். பாயை விரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், தரையில் படுப்பதைவிட, தனக்காக ஒருவர் படுத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தபடி சாய்ந்திருப்பது அவருக்குச் சுகமாகவே இருந்தது. வருஷச் சந்தா கட்டிவிட்டு உடற்பயிற்சிக் கூடத்தின் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும்.

வலி பொறுக்காமல் ஒரு நாள் அலுவலக மருத்துவரிடம் போனார். அவர் கணினியைப் பார்த்தார்.

"உங்க முதுகு பிரமாதமா இருக்கே! தூண் மாதிரின்னு போட்டிருக்கு."

"ஆனா வலிக்குதுங்களே."

"வலி உங்களோடதா இருக்க முடியாது. வேற யாரோடதாவது தவறுதலா உங்களுக்கு வந்திருக்கும்."

முதுகு பிரமாதமாக இருப்பது தெரியவந்ததால், அவர் நாற்காலியிலிருந்த பஞ்சு மெத்தையை மறுநாள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பேத்தி வரும் நாளும் வந்தது. பேருந்து நிலையத்துக்குப் புறப்பட்ட மனைவி, கணவர் பின்னால் மரியாதையாக நடந்து வரும் ஈர்க்குச்சியைப் பார்த்து நின்றாள்.

"இவர் எதுக்கு?"

"ஒரு பாதுகாப்புக்கு," என்றார் கேள்விக்குறி.

பேருந்து வந்து நின்றது. மகள் இறங்கினாள். அவள் கையை உதறிக்கொண்டு, கைபேசியில் பார்த்ததைவிட எவ்வளவோ பெரிதாக, உயிரும் சதையுமாக ஒரு குழந்தை ஓடி வந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நின்றது.

"தாத்தா, தூக்கு!"

கேள்விக்குறி குனிந்தார். குனிவதில் சிரமமில்லை, பாதி வழி ஏற்கெனவே போயிருந்தார். குழந்தையின் இரண்டு பக்கமும் கை கொடுத்தார். வேர்வையும் பால் வாசனையுமாக அது அவர் கன்னத்தில் மூச்சு விட்டது. மூச்சை அடக்கித் தூக்கினார். குழந்தையின் செருப்பு தரையை விட்டு ஒரு விரல் அளவு எழும்பியது. உடனே இடுப்பில் 'கடக்' என்றது. குழந்தை தரைக்கே வந்து சேர்ந்தது.

"தூக்கு தாத்தா!"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள், மனைவி, நடத்துநர், பழக்கடையிலிருந்து குழாயம்மா. கேள்விக்குறி அப்படியே குனிந்தபடி, வாய் குழற, வாழ்நாளெல்லாம் பழகிய வார்த்தையைச் சொன்னார்.

"ஈர்க்குச்சி… எனக்காக."

ஈர்க்குச்சி ஒற்றைக் கையால் குழந்தையை அள்ளினார். மேலே போட்டுப் பிடித்தார். அது கலகலவென்று சிரித்தது. இன்னொரு தடவை போட்டுப் பிடித்தார். அது அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் முகம் புதைத்து, "தாத்தா" என்றது.

மகள் கைபேசியை எடுத்துப் படம் பிடித்தாள்.

"என்னையும் சேர்த்து எடும்மா," என்றார் கேள்விக்குறி.

"குனிஞ்சிருக்கீங்கப்பா. படத்துக்குள்ள வரமாட்டேங்கறீங்க."

கேள்விக்குறிக்குக் கண் நிறைந்தது. உதடு துடித்தது. அதை ஈர்க்குச்சி கவனித்துவிட்டார். நல்ல மனுஷர்.

"விடுங்க சார், நீங்க ஏன் சிரமப்படணும்? அதையும் நானே பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு அழுதார். பலம் வாய்ந்த நெஞ்சு அல்லவா, அழுகை பேருந்து நிலையம் முழுவதும் கேட்டது. ஜனங்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார், ஒருவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். கேள்விக்குறியை நகரச் சொல்லி இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இவர் எதுக்கு அழறார்?"

"அந்த சாருக்காக அழறாராம். ஆபீஸ்ல அப்படித்தானாம்."

கூட்டம் சிரித்தது. உலகத்தில் இப்படியும் கூத்து உண்டா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நடத்துநர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈர்க்குச்சியின் காதோரம் குனிந்தார்.

"அண்ணே, வெளி வேலைக்கும் வருவீங்களா? எங்கம்மா தனியா கெடக்கு. மாசம் ஒரு தடவை போய்ப் பக்கத்துல உக்காந்து நாலு வார்த்தை பேசணும். எனக்கு எங்க நேரம்?"

சிரிப்பு நின்றது. பெட்டியோடு நின்ற ஒருவர், "எனக்கு பெண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார். "நான் முன்னாடி வந்தேன்" என்றது இன்னொரு குரல். "பையனோட விளையாட ஒரு ஆள் வேணும், ஞாயித்துக்கிழமை மட்டும்." யாரும் சொல்லாமலே ஒரு வரிசை உண்டாயிற்று. அது பழக்கடையைத் தாண்டி நீண்டது. மகள்கூடப் பயணக் களைப்போடு யோசனையாக அதைப் பார்த்தாள்.

கேள்விக்குறி ஈர்க்குச்சியின் பக்கம் போய்க் கையை நீட்டினார். "குழந்தையைக் கொஞ்சம் குடுப்பா. உக்காந்துகிட்டாவது மடியில வச்சிக்கறேன்."

"யோவ், வரிசையில வாய்யா!" என்று நாலைந்து பேர் கத்தினார்கள்.

அவர் கடைசிக்குப் போனார். தனக்கு முன்னால் நிற்பது யாரென்று பார்க்க, கழுத்தைச் சிரமப்பட்டு நிமிர்த்தினார். குழாயம்மா.

"நீங்களுமாம்மா? உங்களுக்கு எதுக்கு?"

"உங்க ஆபீஸ்ல வந்து எனக்குப் பதிலா நிக்க ஒரு ஆள் வேணும் சார்," என்றாள் அவள். பிறகு அவர் வளைந்து நிற்பதைப் பார்த்து மனம் கேளாமல், கடையிலிருந்து காலிப் பழக்கூடை ஒன்றை இழுத்துக் கவிழ்த்துப் போட்டாள். "இதுல உக்காருங்க. வரிசைன்னா மொதல்ல கொஞ்ச நாள் இடுப்பு வலிக்கும். அப்புறம் பழகிடும்."