இரண்டு அமெரிக்கப் பாட்டுக்காரரும் ஒரு சைக்கிளும்

தெரியாத விஷயத்தைப் பற்றி மேடையில் பேசத் துணிச்சல் வேண்டும் என்பார்கள். தேவையே இல்லை. திருப்பிக் கேள்வி கேட்க ஆளில்லாத சபை இருந்தால் போதும். தொண்ணூற்றிரண்டில் அப்படியொரு சபை எனக்கு வாய்த்தது. அமெரிக்கச் சாதாரண மக்களின் உள்ளத்தைப் பற்றி உடுவிலில் எங்கள் வாசிகசாலையில் முழங்கினேன். (அதுவரை நான் கண்ட பெரிய நகரம் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தோடு முடிந்துவிடும்.)

எல்லாம் அண்ணையால் வந்தது. எண்பத்துமூன்று இனக்கலவரத்துக்கு அடுத்த வருஷம் அமெரிக்கா போனவர். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. முகம் படத்தில் இருந்தது. குரல்தான் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வந்தது. அம்மாவுக்கும் அப்படித்தானா என்று கேட்க எனக்குப் பயம். கடிதமும் மாதக்கணக்கில் வராமல் கிடந்த நேரத்தில், கொழும்பிலிருந்து கிளாலிக் கடல் தாண்டி வந்த ஒருவர் உடுப்புப் பைக்குள்ளிருந்து ஒரு கசெற்றை எடுத்துத் தந்தார். உறையில் அண்ணையின் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: ‘இதைக் கேட்டால் இங்கத்தைச் சனம் எப்பிடி எண்டு விளங்கும்.’

பக்கத்துக்கு ஒருவராக இரண்டு ரொக் பாடகர்கள். ஏ பக்கத்துக்காரர் மூடப்பட்ட ஆலைகளையும் வேலை போனவர்களையும் பாடினார். பி பக்கத்துக்காரர் சின்ன ஊர்களையும் கடனில் வயலை இழந்த கமக்காரரையும் பாடினார். என் ஆங்கிலத்துக்கு எட்டிய அளவில் அப்படித்தான்.

யுத்தத்தால் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. அதனால் பாட்டுக் கேட்பதற்கு ஊர் முழுவதும் செய்த வேலையையே நாங்களும் செய்தோம். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றிவிட்டு, பின்சில்லில் டைனமோவை முட்டவைத்து, வயரை ரேப் ரெக்கோடருக்குக் கொடுப்போம். ஒருவர் மிதிக்க மற்றவர்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டில் மிதிப்பவள் நான். என் கால்கள் அப்போது முருங்கைக்காயைவிடக் கொஞ்சம் மெலிவு.

ஏ பக்கம் தொடங்கும்போது எனக்கு உசார் இருக்கும், பாட்டும் துள்ளும். பி பக்கம் வருவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். அந்தப் பாடகரின் குரல் கனத்து, இழுபட்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வரும்.

“பாவம், எவ்வளவு பாடுபட்டிருப்பான்,” என்று அம்மா கண்ணைத் துடைப்பார். “எங்கடை பெரியவனும் உப்பிடித்தான் களைச்சுப் போய் இருப்பானோ?”

நானும் முடிவெடுத்தேன். ஏ பக்கத்துக்காரர் வயிறு நிறைந்தவர். அமெரிக்க ஏழையின் துயரம் முழுவதும் பி பக்கத்துக்காரரின் தொண்டையில்தான் இருக்கிறது. (களைத்தது அவரில்லை, என் முழங்கால் என்று ஒருநாளும் தோன்றவில்லை.) எத்தனை தரம் முயன்றும் பி பக்கத்தின் முடிவுவரை மிதிக்க என்னால் முடிந்ததில்லை.

அந்த வருஷம் வாசிகசாலைப் பட்டிமன்றத்துக்குத் தலைப்புப் பஞ்சம். புராணத்தில் வந்த எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி இறக்கியாகிவிட்டது. ஆகவே என் பாட்டுக்காரர் இருவரையும் ஏற்றினார்கள். சாதாரண மக்களின் உள்ளத்தை உண்மையாகப் பாடியவர் இருவரில் யார் என்பது வழக்கு. ஏ பக்கத்துக்காரருக்காகப் பேச ரியூட்டறி நடத்தும் குணம் மாஸ்ரர். எங்கள் வீட்டுக்கு வந்து கசெற்றில் பாட்டுக் கேட்டவர்தான். ஏ பக்கம் முடிவதற்குள் தேத்தண்ணி முடிந்துவிடும், எழும்பிப் போய்விடுவார். பி பக்கத்துக்கு நான். நடுவர் ஓய்வுபெற்ற தபாலதிபர்.

ஒருநாளும் வாசிகசாலைப் பக்கம் வராத அம்மா, அன்று வெளிக்கிட்டு வந்து முன்வரிசையில் இருந்தார். “அவன் இருக்கிற இடத்துச் சனம் நல்ல சனமோ எண்டு சொல்லுவாய்தானே?” என்று வழியில் கேட்டார். நான் வென்றால் அண்ணை நல்ல சனத்துக்குள் இருக்கிறார் என்று அவருடைய கணக்கு. 

நான் பேச வேண்டியிருந்ததால் மிதிப்பதற்குச் சிங்கராசா அண்ணையைப் பிடித்தோம். மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் ஒழுங்கைக்கு வந்திருந்தவர். கடலில் வலை இழுத்த உடம்பு. கரையில் வேலை இல்லாமல் இருந்தவருக்கு இது பெரிய சந்தோஷம்.

“நீ பேசு தங்கச்சி. மிதிக்கிறது என்ரை பொறுப்பு,” என்றார்.

குணம் மாஸ்ரர் பேசி முடித்தார். நான் எழுந்தேன். “சபையோரே, வயலில் உழைத்து ஓய்ந்த ஒரு மனிதனின் குரலைக் கேளுங்கள். கேட்டபின் உங்கள் கண் கலங்காவிட்டால் நான் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்,” என்று சொல்லிக் கையை உயர்த்தினேன். நான் வழக்கமாக மூச்சுவாங்கி நின்றுபோகும் பாட்டில் கசெற் தயாராக இருந்தது.

சிங்கராசா அண்ணை குனிந்து மிதித்தார். பின்சில்லு கண்ணுக்குத் தெரியவில்லை. ரேப் ரெக்கோடரிலிருந்து ஒரு பச்சைக்கிளி பாடியது.

சபை ஒரு கணம் மரியாதையாகக் கேட்டது. பிறகு கொல்லென்று சிரித்தது.

“உவரோ பிள்ளை களைச்சுப் போனவர்?” என்றார் நடுவர்.

“உவரை விட்டால் இண்டைக்கே பத்துப் பரப்புக் காணி கொத்துவார்,” என்றார் குணம் மாஸ்ரர்.

மெதுவாக, மெதுவாக என்று நான் கையைக் காட்டினேன். சிங்கராசா அண்ணை நிமிர்ந்து பார்த்தால்தானே? சனத்தின் சிரிப்பைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஊன்றி மிதித்தார். நான் ஒருநாளும் எட்டாத இடத்துக்குக் கசெற் ஓடியது. கிளி பாடி முடித்தது. ஒரு கரகரப்பு. பிறகு அதே கிளி தமிழில் கதைத்தது.

“அம்மா, நான்தான்.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா மட்டும் எழுந்து நின்றார்.

“தம்பி, நிப்பாட்டு. அது என்ரை பிள்ளை.”

சிரிப்பு அப்படியே அடங்கியது. நடுவர் தன் பேனையைக் கழற்றிக் கசெற்றுக்குள் செருகிக் கொஞ்சம் பின்னால் சுற்றிக் கொடுத்தார். சிங்கராசா அண்ணை இப்போது அம்மாவைப் பார்த்தபடி பயந்து பயந்து மிதித்தார். கசெற்றிலிருந்து கிழவர் ஒருவரின் குரல் வந்தது.

“உது அவனில்லை. கொஞ்சம் கெதியா,” என்றார் அம்மா.

கெதியாக மிதித்தார்.

“கூடிப்போச்சு. குறை. இன்னும் கொஞ்சம்... ஓம். உதுதான். உதிலையே நில் தம்பி.”

எட்டு வருஷம் கேட்காத குரலை அம்மா மறந்திருக்கவில்லை. மூன்றாவது தரம் சுற்றியபோது எங்கள் அண்ணை கதைத்தார்.

“அம்மா, நான்தான். கடைசியிலை கொஞ்சம் இடம் மிஞ்சிக் கிடக்கு, அதுதான் கதைக்கிறன். இந்தப் பாட்டுக்காரர் இரண்டு பேரும் நான் வேலை செய்யிற சாப்பாட்டுக்கடைக் குசினி ரேடியோவிலை எந்த நேரமும் பாடுவினம். எனக்குப் பாதி விளங்காது. கூட வேலை செய்யிற சனம் சேர்ந்து பாடும். இரண்டு பேரும் வீட்டை போகவேணும் எண்டுதான் பாடினம். அது மட்டும் எனக்கு நல்லா விளங்குது.”

டக்கென்று கசெற் முடிந்தது. சிங்கராசா அண்ணை சைக்கிளை விட்டு இறங்காமல் முகத்தைச் சால்வையால் துடைத்தார். மயிலிட்டி எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் ஓடும் தூரம்தான். அங்கே இராணுவம் இருந்ததால் அவராலும் போக முடியாது.

“வழக்கு முடிஞ்சுது. எல்லாரும் வீட்டை போங்கோ,” என்றார் நடுவர். சொன்ன பிறகு சிங்கராசா அண்ணையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது அந்தக் கசெற் தொலைந்தது. பகிடி தொலையவில்லை. எங்கள் வீட்டில் யாராவது மேடையேறினால், “மிதிக்கிறது ஆர்?” என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

அண்ணை ‘வாறன், வாறன்’ என்றபடி இன்னும் அங்கேதான் இருக்கிறார். அறுபதைக் கடந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைப்பார். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, திரையில் முகம் தெரியாது. காதில் வைத்துக் கேட்பார். போன ஞாயிறு அண்ணை நெடுநேரம் கதைத்தார். கனத்து, கரகரத்து, இழுபட்ட குரல்.

 அம்மா தொலைபேசியை என் பக்கம் நீட்டினார்.

“சிங்கராசாவைக் கொஞ்சம் கெதியா மிதிக்கச் சொல்லு பிள்ளை.”

அந்தப் பக்கம் அண்ணை சிரித்தார். சிரித்து முடிய அவருக்கு வெகுநேரம் எடுத்தது.