ரெண்டு காதுக்கும் டூட்டி

நான்தான், உங்க சின்னவன். வயசு பத்தொம்பது. இங்க பாதிப்பேரு என்னை ஆன்டெனான்னு கூப்பிடுறாங்க, ஏன்னு போகப் போகப் புரியும். இப்ப இருக்கிறது ஒரு பஸ் ஸ்டாப் பெஞ்சுல. காலைல மணி ஏழு அஞ்சு. பஸ் வர்றதுக்குள்ள இவ்வளவையும் டைப் பண்ண முடியாது. அதனால நான் பேசுறேன், போன் எழுதிக்கும்.

முந்தாநேத்து சாயங்காலம் வீடியோ கால்ல அம்மா, "ஏன்டா மூஞ்சியெல்லாம் பச்சையா இருக்கு?"ன்னு கேட்டாங்க. ரூமுக்கு வெள்ளை அடிக்கிறேன்னு சொன்னேன். "பச்சை பெயின்ட்ல எவன்டா வெள்ளை அடிக்கிறான்?"னு அப்பா பின்னாடியிருந்து கேட்டாரு. லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சிருப்பீங்க. கட்டாகல. நான்தான் கட் பண்ணினேன்.

அது பெயின்ட் இல்ல. பட்டாளத்துல மூஞ்சில பூசிக்கிற மை.

அம்மாவுக்கு யார் படிச்சுக் காட்டுறீங்களோ, அவங்க இந்த இடத்துல ஒரு நிமிஷம் நிறுத்தி, தண்ணி குடுத்துட்டு மேல படிங்க.

சண்டைக்கெல்லாம் போகலம்மா. ரேடியோ ஆபரேட்டர் வேலை. காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு, ஒருத்தர் சொல்றத இன்னொருத்தருக்கு சொல்லணும், அவ்வளவுதான். நம்ம அத்தை தெருவுல சும்மாவே பண்ற வேலை. காலேஜ்ல மேஜை போட்டு ஆள் எடுத்தாங்க. பேனா இலவசம்னாங்க. நான் பேனா வாங்கத்தான் போனேன், திரும்பி வர்றப்ப அதே பேனால கையெழுத்து போட்டுட்டு வந்திருந்தேன். டிகிரியும் கைல, வேலையும் கைல, இந்த நாட்டுலயே தங்கிக்கலாம்னு சொன்னா யாருக்குத்தான் ஆசை வராது?

அந்த மாசத்து முதல் செவ்வாய்க்கிழமை காலைல அஞ்சு மணிக்கு வரணும்னு லெட்டர். நான் நாலே காலுக்கே போய் முகாம் கேட்டுல நின்னேன்.

சார்ஜன்ட் ஆறடி இருப்பாரு. குரல் மட்டும் ஏழடி. லிஸ்ட்டை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு, "உன் பேர் இல்லையே?"ன்னாரு.

"லெட்டர் வந்துச்சு சார்."

"இந்த ஆபீஸ்காரனுங்க லிஸ்ட் அடிச்சா ஒரு பேராவது விட்டுப்போகும். போ, கடைசில நில்லு."

அப்படி ஆரம்பிச்சது. செவ்வாய், வியாழன் காலைல அஞ்சுல இருந்து ஏழரை. சனிக்கிழமை முழு நாள். மத்த நாள் எல்லாம் காலேஜ். இதுல என்ன கஷ்டம்னு கேப்பீங்க. கஷ்டம் சனிக்கிழமை பத்து மணி. அப்பதான் பொருளாதார மேடம் ஆன்லைன்ல கிளாஸ் எடுப்பாங்க. கேமரா ஆன்ல இருக்கணும், பேர் கூப்பிட்டா பதில் சொல்லணும். நூத்துக்கு எண்பது நாள் வரலைன்னா காலேஜ்ல பேரை எடுத்துடுவாங்க. பேரை எடுத்தா விசா போயிடும், நான் வீட்டு வாசல்ல வந்து நிக்கணும். பட்டாளத்துல வரலைன்னா ஓடிப்போனவன்னு பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க. இதை யாரும் சொல்லல, நானே யோசிச்சது.

என் ரூம்மேட்டை நாங்க ஜட்ஜுன்னு கூப்பிடுவோம். எதைக் கேட்டாலும் படுத்துக்கிட்டே தீர்ப்பு சொல்லுவான். அவன்கிட்ட கேட்டேன்.

"உனக்கு எத்தனை காதுடா?"

"ரெண்டு."

"ஒண்ணை ராணுவத்துக்குக் குடு. ஒண்ணை காலேஜுக்குக் குடு. கேஸ் முடிஞ்சது."

அடுத்த சனிக்கிழமை வலது காதுல ரேடியோ, இடது காதுல மேடம். கேமராவுக்கு? முகாம்ல சாமான் ரூம் ஒண்ணு இருக்கு, சுவர் முழுக்க பழைய புத்தகமா அடுக்கி வச்சிருக்கும். எல்லாம் லாரி ரிப்பேர் புத்தகம். பழகுறதுக்குன்னு ரேடியோவை எடுத்துட்டு அதுக்கு முன்னாடி போய், யூனிபார்ம் தெரியாம மூஞ்சி மட்டும் தெரியற மாதிரி போனை வச்சு உக்காந்துட்டேன். மேடம் பாத்துட்டு உருகிட்டாங்க.

"பாருங்க எல்லாரும்! சனிக்கிழமையும் லைப்ரரில உக்காந்து படிக்கிறான் ஒருத்தன். நீங்க போர்வைக்குள்ள இருக்கீங்க. தம்பி, இனிமே நீதான் குரூப் லீடர்."

வேணாம்னு சொல்ல வாயைத் திறந்தேன். வலது காதுல சார்ஜன்ட் கூப்பிட்டாரு. மூடிட்டேன்.

சார்ஜன்ட் கதை அதுக்கு மேல. மேடம் சொல்றது புரியாம நான் தலையை ஒரு பக்கம் சாய்ச்சு, புருவத்தை சுருக்கிக்கிட்டு உக்காந்திருப்பேன். ஜன்னல் வழியா அதைப் பாத்துட்டு அவரு மத்த பசங்களைக் கூட்டிட்டு வந்து காட்டினாரு.

"கவனம்னா இது! ஆன்டெனா மாதிரி நிக்குது பாரு தலை! நீங்களும்தான் இருக்கீங்களே, காதுல மாட்டினதும் தூங்குறீங்க. டேய் ஆன்டெனா, மாசக் கடைசில பெரிய பயிற்சி. நீதான் மெயின் ஆபரேட்டர்."

புரியுதா? ரெண்டு பக்கமும் நான் கவனிக்கவே இல்ல. கவனிக்காததுக்கு ரெண்டு பக்கமும் பதவி குடுத்துட்டாங்க.

பெரிய பயிற்சி என்னைக்குன்னு பாத்தா, கடைசி சனிக்கிழமை பத்து மணி. குரூப் லீடர் பத்து நிமிஷம் பாடம் நடத்திக் காட்டணும்னு மேடம் சொல்லியிருந்தாங்க, அது என்னைக்குன்னு பாத்தா, கடைசி சனிக்கிழமை பத்து மணி.

ஜட்ஜ்கிட்ட போனேன். "ஒரு பக்கம் லீவு கேளு"ன்னான்.

சார்ஜன்ட்கிட்ட போய் நின்னேன். "சார், சனிக்கிழமை அக்காவுக்குக் கல்யாணம்."

"அடடே, சந்தோஷம்." ஒரு நிமிஷம் யோசிச்சாரு. "போன மாசமும் அக்கா கல்யாணம்னு ரெண்டு மணி நேரம் போனியே?"

அக்கா, என்னை மன்னிச்சுடு.

"ஆமா சார்."

"உனக்கு எத்தனை அக்கா?"

"ஒண்ணுதான் சார்."

அவரு தொப்பியைக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டாரு. அப்புறம் என் தோள்ல கை வச்சு, "குடும்பக் கஷ்டத்தை மனசுல வச்சுக்கிட்டுதான் இவ்வளவு நல்லா வேலை செய்றியா? வேலைல இரு, மறந்திடுவ. லீவு கிடையாது"ன்னாரு.

மேடம்கிட்ட காது வலின்னு போய் நின்னேன். அவங்க இன்னும் நல்லவங்க. "அப்ப நீ ஒண்ணும் கேக்க வேண்டாம்பா, பேசினா போதும். நான் பிரின்சிபாலையும் வந்து உக்காரச் சொல்லியிருக்கேன். உன்னை அவர் பாக்கணும்"ன்னாங்க.

சனிக்கிழமை வந்துடுச்சு.

சாமான் ரூம்ல நான். மூஞ்சில பச்சை மை. கேமராவை நெத்திக்கு மேல பாக்கிற மாதிரி திருப்பி வச்சுட்டேன். வலது கைல ரேடியோ மைக், அமுக்கிப் பேசணும். எதிர்ல போன், அதை ஒவ்வொரு தடவையும் மியூட்ல போட்டு எடுக்கணும். வெளியில எங்க பசங்க பதினெட்டு பேரு ஒண்ணரை மணி நேரமா மூட்டையைத் தூக்கிட்டு ஒரு மேடு ஏறிப் போய் மேல படுத்திருக்காங்க. சார்ஜன்ட் அவங்களோட. கீழ ஒரு பாலம், வலது பக்கம் ஒரு வாய்க்கால். பாலத்துக்கிட்ட எதிரி மாதிரி நடிக்க மூணு பேர். அவங்க எங்க இருக்காங்கன்னு காவல் கோபுரத்துல இருந்து எனக்குச் சேதி வரும், நான் மேட்டுக்குச் சொல்லணும். மேட்டுல ஒரு சட்டம் உண்டு: ரேடியோல வந்தா ஏன்னு கேக்கக் கூடாது, செய்யணும்.

கோபுரம் சேதி சொல்லுச்சு. அதே நேரம் இடது காதுல மேடம், "ஆரம்பிப்பா, பிரின்சிபால் சார் வந்துட்டாரு"ன்னாங்க.

எனக்கு ரெண்டு கை, ரெண்டு காது, ஒரு வாய். அந்த ஒரு வாயைப் பத்தி ஜட்ஜ் தீர்ப்புல எதுவுமே சொல்லல.

நான் மியூட்டை எடுத்துட்டு, பிரின்சிபாலுக்கும் நாப்பத்திரெண்டு பசங்களுக்கும் தெளிவா சொன்னேன்:

"எதிரி மூணு பேர். பாலத்தடியில பதுங்கியிருக்காங்க. கையில துப்பாக்கி. ஓவர்."

ஸ்க்ரீன்ல எல்லாத் தலையும் போர்வைக்குள்ள இருந்து வெளிய வந்துச்சு. தப்பைத் திருத்தணும்னு அவசரமா மியூட்ல போட்டேன், மைக்கை அமுக்கினேன். ஆனா வாயில வந்தது ராத்திரி பூரா மனப்பாடம் பண்ணின, விலைக் கோடு எப்படி வரையணும்ங்கிற பாடம்:

"மேல இடது பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு, வலது பக்கமா, நேரா கீழ இறங்கணும். நடுவுல எங்கயும் நிக்கக் கூடாது."

ஜன்னல் வழியா பாத்தேன். பதினெட்டு பேரும் எழுந்தாங்க. மூட்டையைத் தூக்கினாங்க. மேல இடது பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு, வலது பக்கமா, நேரா கீழ இறங்கி, நடுவுல எங்கயும் நிக்காம வாய்க்கால்ல இறங்கினாங்க. கடைசியா சார்ஜன்ட் இறங்கினாரு. தண்ணி அவருக்கு நெஞ்சு வரைக்கும். மத்தவங்களுக்குக் கழுத்து.

அதிலயும் அவரு நின்னு, ரேடியோவைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு கேட்டாரு: "ஆன்டெனா, இறங்கிட்டோம். அடுத்து?"

நல்ல மனுஷன்மா அவரு. அதான் எனக்குத் தாங்கல.

இடது காதுல பிரின்சிபால் மெதுவா மேடம்கிட்ட, "இந்தப் பையன் எந்த லைப்ரரிலம்மா இருக்கான்?"னு கேட்டாரு.

அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ரெண்டு சேதி வந்துச்சு. காலேஜ்ல இருந்து: திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு பிரின்சிபால் ரூமுக்கு வரவும். சார்ஜன்ட்கிட்ட இருந்து: திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என் ஆபீஸுக்கு வரவும். முகாமுக்கும் காலேஜுக்கும் பஸ்ல அரை மணி நேரம்.

நேத்து முழுக்க சாப்பிடல. ஜட்ஜ் முதல் தடவையா எழுந்து உக்காந்து தீர்ப்பு சொன்னான்.

"ஒண்ணை விட்டுடு. எதுக்காக இந்த ஊருக்கு வந்த?"

"படிக்க."

"அப்ப பட்டாளத்தை விடு."

"உள்ள போட்டுடுவாங்கடா!"

"போடட்டும். படிக்க நல்ல இடம், தொந்தரவு இருக்காது. அங்க சார்ஜர் விடுவாங்களா தெரியல, இப்பவே போனை ஃபுல்லா சார்ஜ் பண்ணிக்கோ."

இன்னைக்குக் காலைல ஆறரைக்கு முகாமுக்குப் போனேன். யூனிபார்ம், பூட்ஸ், தொப்பி எல்லாத்தையும் மடிச்சு ஒரு பையில. இன்னொரு பையில டூத் பிரஷ், ரெண்டு பனியன், பொருளாதாரப் புத்தகம். ஒருவேளை உடனே பிடிச்சுப் போட்டுட்டா?

ஆள் கணக்கு வச்சிருக்கிற ஆபீஸ்ல ஒரு அம்மா இருந்தாங்க. மூக்குக் கண்ணாடியைத் தலைல ஏத்திவிட்டுட்டு டீ குடிச்சிட்டிருந்தாங்க.

"மேடம், நான் பட்டாளத்தை விட்டுப் போறேன். என்னை என்ன வேணா பண்ணிக்கோங்க."

"முதல்ல உக்காரு. அழாத. பேர் சொல்லு."

சொன்னேன். லிஸ்ட்டைப் பாத்தாங்க. இன்னொரு லிஸ்ட்டைப் பாத்தாங்க. கண்ணாடியை மூக்குக்கு இறக்கி மறுபடி பாத்தாங்க.

"இங்க உன் பேரே இல்லையே தம்பி. எத்தனை நாளா வர்ற?"

"எட்டு வாரமா மேடம். நான்தான் மெயின் ஆபரேட்டர்."

"வாய்க்கால்ல இறக்கி விட்டது நீதானா?"

தலையாட்டினேன். அவங்க வாயைப் பொத்திக்கிட்டு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அப்புறம் அலமாரிக்கு அடியில இருந்து வேற ஒரு ஃபைலை இழுத்து, தூசி தட்டி, புரட்டி, ஒரு பக்கத்துல நிறுத்தினாங்க. எனக்கு வந்த அதே லெட்டரோட நகல். அதை என் பக்கமா திருப்பி, வரி வரியா விரல் வச்சுக் காட்டினாங்க.

"கிழமை சரி. மணி சரி. மாசமும் சரி. டிகிரி முடிச்சதும் வான்னு உன்னைக் கூப்பிட்டிருக்காங்க, இந்த வருஷத்தைப் பாரு. தம்பி, நீ மூணு வருஷம் சீக்கிரமா வந்துட்ட."

பஸ் வருது. யூனிபார்ம் பையை அந்த அம்மாகிட்டயே குடுத்துட்டேன், சார்ஜன்ட்கிட்ட அவங்களே சொல்லிடுவாங்க. எட்டு மணிக்கு காலேஜ் போயிடுவேன். ஒரு உதவி: அப்பாவோட பீரோல என் காலேஜ் லெட்டரோட நகல் இருக்கும். இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும், அதை எடுத்து என்னை எந்த வருஷம் வரச் சொல்லியிருக்காங்கன்னு சரியாப் பாத்துச் சொல்லுங்க. எட்டு மணிக்குள்ள.