எரிய மறுத்த மஞ்சள் விளக்குகள்

அய்யாவு சாவியைத் திருப்பினார். ஸ்டியரிங்குக்கு எதிரே இரண்டு மஞ்சள் விளக்குகள் எரிந்தன. சில விநாடிகள் அப்படியே நின்றன. பிறகு சமர்த்தாக அணைந்துவிட்டன.

"போச்சு" என்றார் அய்யாவு.

வண்டியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றிருந்த அவர் மனைவி வடிவு எட்டிப் பார்த்தாள். "எரியலீங்களா?"

"எரிஞ்சு அணைஞ்சிருச்சு. வண்டி நல்லா இருக்குது."

"அட கடவுளே" என்று வடிவு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வண்டி நன்றாக இருக்கிறதே என்று துக்கப்பட்ட டிரைவர் உலகத்தில் அய்யாவு ஒருவராகத்தான் இருப்பார். அவர் துக்கத்துக்குக் காரணம் உண்டு. பத்து மணிக்கு அந்த வண்டியை விலைக்குக் கேட்டு ஓர் ஆள் வரப்போகிறார்.

வண்டி முதலாளி சென்னப்பனுடையது. தேவராஜ மொஹல்லாவில் ஊதுபத்தி மொத்த வியாபாரம் செய்கிறவர். துபாயிலிருந்து திரும்பிய மைத்துனர் கப்பலில் கொண்டுவந்து, நிறுத்த இடமில்லாமல் இவர் தலையில் கட்டிய வெளிநாட்டு வண்டி அது. ஜீப்புக்கு அண்ணன் மாதிரி உயரம். தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து மைசூரில் அது எங்கே நின்றாலும் நாலு பேர் கூடி நின்று பார்ப்பார்கள். திடீரென்று பிரேக் அடித்தால் அதன் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. வளைவில் சறுக்கப் பார்த்தால் வண்டியே தன்னைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். இந்த இரண்டு உபகாரத்தில் எது கெட்டாலும் சொல்வதற்குத்தான் அந்த மஞ்சள் விளக்குகள்.

சென்னப்பனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, பின் சீட்டில் தூங்கத்தான் தெரியும். அப்படிப்பட்டவர் போன மாதம் ஒருநாள், "வண்டியக் குடுத்தரலாம்னு இருக்கறன் அய்யாவு" என்றார். காரணம் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "ஊர்ல மழையெல்லாம் எப்படி?" என்று மட்டும் விசாரித்தார்.

அய்யாவு சொந்த ஊரான மார்டள்ளியை விட்டு வந்து வருஷக்கணக்காகிறது. அங்கே மழை பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன? 'ஊருக்குப் போய் மழையை வேடிக்கை பார்' என்று முதலாளி ஜாடையாகச் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். வண்டி போனால் வேலை போகும். ஷெட்டுக்குப் பின்னால் அவர்கள் குடியிருக்கும் அறை போகும். அறைக் கூரைமேல் வடிவு ஏற்றிவிட்டிருக்கும் அவரைக் கொடிகூடப் போகும்.

முதலில் வந்த ஆள் வண்டியை ஓட்டிப் பார்த்தபோது விளக்குகள் தாமாகவேதான் எரிந்தன. ஆள் வண்டியை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். மெக்கானிக் மஞ்சுநாத் வந்து முன்சக்கரத்துக்கு உள்ளே தலையை விட்டுப் பார்த்தான்.

"நோடி, பாருங்க அய்யாவு அண்ணா, சக்கரம் எவ்ளோ ஸ்பீடா சுத்துதுன்னு சொல்றது இந்த ஒயர். இதோட கிளிப் லூஸ் ஆச்சா, அஷ்டே, அவ்ளோதான்! ரெண்டு லைட்டும் வந்துபிடும்" என்று காட்டினான்.

அய்யாவு அந்தக் கிளிப்பைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்.

இரண்டாவது ஆள் வந்த அன்றைக்கு அதை அவரே கழற்றி வைத்தார். அந்த ஆளும் ஓடினார். ஆனால் மஞ்சுநாத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. தான் பார்த்த வேலை இரண்டாம் முறை கெடுவதா? கிளிப்பைப் பூட்டி, டேப் சுற்றி, அதற்குமேல் கட்டுக்கம்பியும் முறுக்கிவிட்டுப் போனான். இன்றைக்கு விடிந்ததிலிருந்து வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்ததில் அய்யாவின் நகம் உடைந்ததுதான் மிச்சம்.

"ஏனுங்க" என்றாள் வடிவு. "ஊட்ல கரண்டு போனா பியூஸ் போயிருச்சுங்கறோம். இதுக்கும் பியூஸ்னு ஒண்ணு இருக்குமில்ல?"

அய்யாவு மனைவியை ஆச்சரியத்தோடு பார்த்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றினார். கலர் கலராகப் பியூஸ்கள். மூடியின் உட்புறம் எது எதற்கென்று படம் போட்டிருந்தது. மஞ்சள் விளக்கில் இருந்த அதே ஏ.பி.எஸ். என்ற மூன்று எழுத்தை வைத்து ஒன்றைப் பிடுங்கிவிட்டுச் சாவியைத் திருப்பினார். இரண்டு மஞ்சள் விளக்குகளும் எரிந்து அப்படியே நின்றன. கூடவே பிரேக் விளக்கு ஒன்று சிவப்பாக எரிந்தது.

"கேட்டதுக்கு மேலயே குடுக்குது" என்றாள் வடிவு.

பத்து மணிக்கு வந்தவர் கிரண் என்ற காண்ட்ராக்டர். ஏறி உட்கார்ந்தார், விளக்குகளைப் பார்த்தார், சிரித்தார்.

"ஏனு சார், என்ன இது, தசரா லைட்டிங்கா?"

சென்னப்பன் அய்யாவைப் பார்த்தார். அய்யாவு ஷெட்டுக் கூரையைப் பார்த்தார்.

"பரவால்ல, பெங்களூர்ல கம்ப்யூட்டர் வெச்சுச் செக் பண்ணுவாங்க. நான் பாத்துக்கறேன். நீங்க ரேட் மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றார் கிரண்.

சென்னப்பன் பேரம் பேசாமல் குறைத்தார். நாலு மணிக்கு அட்வான்ஸோடு வருவதாகச் சொல்லிவிட்டு கிரண் கிளம்பினார். விளக்கு எரிந்தால் ஆள் ஓடுவான் என்பது மட்டும்தான் அதுவரை அய்யாவின் கணக்கு. விளக்கு எரிந்தால் விலையும் இறங்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அப்ப விளக்க அணைச்சிருங்க" என்றாள் வடிவு. "நல்ல வண்டியாயிருச்சுன்னா மொதலாளி பழைய வெலைக்கு ஏறிக்குவாரு. அந்தாளு வேண்டாம்னு போயிருவான்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அய்யாவு பிடுங்கி வைத்திருந்த பியூஸைத் திரும்பச் செருகப் போனார். பியூஸ் நழுவி, பெட்டிக்குப் பின்னால் இருந்த இடுக்கில் விழுந்து மறைந்தது. வடிவு ஓடிப்போய் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவிக்கொண்டு வந்து துழாவினாள். பியூஸ் வரவில்லை. குச்சிதான் முறிந்து பாதி உள்ளே நின்றுகொண்டது.

"அதே கலர்ல பக்கத்துல ஒண்ணு இருக்குதே" என்றாள்.

பக்கத்தில் இருந்ததைப் பிடுங்கி அய்யாவு இந்த இடத்தில் செருகினார். விளக்குகள் அணைந்தன. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது சென்னப்பன் வாசலுக்கு வந்தார்.

"அணைஞ்சிருச்சா? நல்லதாப் போச்சு" என்றார். "மஞ்சுநாத்த வரச் சொல்லி நல்லாப் பாத்துரு. பேசுன ரேட்டுக்கே குடுத்தரலாம். சொன்ன வார்த்தைய மாத்தறது மரியாதையில்ல. வாங்கறவனாவது நல்லபடியா ஓட்டட்டும்." இதைச் சொல்லும்போது அவர் வண்டியைப் பார்க்காமல் அய்யாவையே பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அய்யாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டியை நல்லதாகவும் ஆக்கி, குறைந்த விலைக்கும் ஆக்கி, கிரண் கையில் தட்டில் வைத்துக் கொடுத்தாயிற்று.

மஞ்சுநாத் ஒரு மீட்டரோடு வந்தான். ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி வைத்துத் தூக்கினான். ஒயரில் மீட்டரைக் கொடுத்துவிட்டு, அய்யாவைச் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னான். மீட்டரில் முள் ஆடியது. நாலு சக்கரத்திலும் ஒழுங்காக ஆடியது.

"சென்சார் சரி இருக்கு. ஒயர் சரி இருக்கு. டயரும் நாலும் ஒரே சைஸ்" என்று தாடையைச் சொறிந்தான். "ஆனா ஒண்ணு அண்ணா. வண்டி வாங்க ஆள் வந்தா லைட் வருது, ஆள் போனா லைட் போகுது. எந்தப் புத்தகத்துலயும் இந்தக் கம்ப்ளெயின்ட் இல்ல."

"சூட்டுல அப்படி ஆகுமோ என்னமோ" என்றார் அய்யாவு.

மஞ்சுநாத் வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்காக ஏறி உட்கார்ந்தான். வழக்கம்போல முதலில் ஹாரனை அழுத்தினான். சத்தமே இல்லை. மறுபடியும் அழுத்தினான். பிறகு குனிந்து பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தான். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தான். நிமிர்ந்தபோது அவன் கையில் முறிந்த ஈர்க்குச்சி இருந்தது.

"அண்ணா, எலி பியூஸைத் தின்னும்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். தின்னுட்டு விளக்குமாத்துக் குச்சியில பல்லும் குத்துமா?"

அந்த நேரம் பார்த்து முதலாளியின் மனைவி ராமக்காள் மோர்ச் சொம்போடு வந்து நின்றாள். மஞ்சுநாத் குச்சியைத் தூக்கிக் காட்டினான். இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

"நாந்தானுங்க பண்ணுனேன்" என்றார் அய்யாவு. "போன தடவையும் நாந்தானுங்க. வண்டி போயிட்டா எனக்கு என்னங்க இருக்குது? இத்தனை வருஷமா மொதலாளி எம்பின்னால படுத்துத் தூங்கறாரு. அவரு கொறட்டை கேக்காம எனக்கு வண்டியே ஓடாதுங்க. திட்டறதுன்னாத் திட்டுங்க. எங்கள ஊருக்கு மட்டும் அனுப்பிராதீங்க."

ராமக்காள் திட்டவில்லை. வாயைத் திறந்தபடி அய்யாவையே பார்த்தாள்.

"அடுப்புல பால வெச்சுட்டு வந்துட்டேன்" என்று வடிவு மெல்ல நழுவினாள்.

"நீ எங்கயும் போகாத, இங்கயே நில்லு" என்று அவளை நிறுத்திவிட்டு, ராமக்காள் மோர்ச் சொம்பைப் பானெட்டின்மேல் வைத்தாள்.

"ஏப்பா, 'ஊர்ல தோட்டம் வாங்கியாச்சுங்கக்கா, பொங்கல் கழிஞ்சா நாங்க அங்கயே போயிருவோம்'னு எங்கிட்ட வந்து பெரும பேசுனதே உம்பொண்டாட்டிதான். நீ போனப்பறம் வேற எவன் ஓட்டுனாலும் ஏறமாட்டேன்னுதான உங்க மொதலாளி வண்டியவே விக்கறாரு!"