பாலத்தை முதலில் கடந்தது யார்

வாரடேல்,
மார்ச் 1994

பெருமதிப்பிற்குரிய அக்கா நெரிடாவுக்கு, தம்பி லிண்ட்சே எழுதிக்கொண்டது. இங்கே நானும் நாயும் சுகம். ஹோபார்ட் குளிரில் அத்தானும் உன் முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. நம் ஆற்றுப் பாலத்துக்கு அறுபது வயது நிறைவதை ஒட்டி, அதை முதலில் கடந்தவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பதிப்பதென்று நகராட்சி தீர்மானித்தது. அது நம் அப்பாதான் என்பது உலகறிந்த விஷயம். மந்திரி வந்து ரிப்பன் வெட்டுவதற்கு முன்பே பால் வண்டியைப் பாலத்தில் ஏற்றினார், எட்டு வயதில் நானும் கூட இருந்தேன். கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். உடனே அக்கரை யூனா டிரெசிடர் எழுந்தாள். பாதி ஆயுளை நியூசிலாந்தில் கழித்துவிட்டு வந்தவள். "உக்காருங்க லிண்ட்சே. முதல்ல கடந்தது எங்கம்மா. பிரசவ வலியோட நடந்தே வந்தாங்க. வயித்துல நான் இருந்தேன், எனக்குத் தெரியாதா?" என்றாள். "உள்ள இருந்து எப்படிம்மா பார்த்தே?"ன்னு நான் கேட்டது தப்பாப் போச்சு. அன்னிலேர்ந்து ரெண்டு கரையும் ரெண்டு கட்சி. அக்கரைக்காரங்க நம்ம பக்கத்து பேக்கரிக்கு வர்றதில்ல, பௌல்ஸ் மைதானத்துல என்னோட பந்து உருட்ட ஆளில்ல, நாயைக்கூட முறைக்கிறாங்க.

பொறுக்க முடியாம யூனா வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்தவ, "சண்டைக்கா, டீக்கா?"ன்னா. "முதல்ல டீ"ன்னேன். பேச்சுவாக்குல, "பாலத்து நடுவுல ஒரு கிறுக்குக் குதிரை அம்மாவை மறிச்சு நின்னுச்சாம்"னு சொன்னா பாரு, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அது நம்ம குதிரை, அக்கா! அன்னைக்கு எதிர்ல வந்த ஒரு அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. அப்பா பால் கேன்களை எல்லாம் இறக்கி, அதுக்கு என்னைக் காவல் வச்சு, அவங்களை ஏத்திக்கிட்டு நம்ம கரை ஆஸ்பத்திரிக்குத் திரும்பிட்டார். வயித்து வலின்னுதான் எங்கிட்ட சொன்னார். அறுபது வருஷமா நானும் வயித்து வலின்னே நம்பிட்டிருந்தேன். அன்னைக்குப் பால் எல்லாம் கெட்டு, அப்பாவுக்கு வேலை போனது உனக்குத் தெரியும். ஏன்னு அவர் வாயே திறக்கல.

யூனா கோப்பையைக் கீழ வச்சா. "அப்போ அவர் இல்லேன்னா நான் பாலத்துலயே பொறந்திருப்பேனா?"

"பொறந்திருந்தா கேஸ் உன் பக்கம் ஜெயிச்சிருக்கும்"னேன். சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே கண்ணைத் தொடைச்சுக்கிட்டா.

சனிக்கிழமை தகட்டைத் திறந்தாச்சு. பாதிப் பாலம் அவ அம்மா நடந்தது, மீதி அப்பா வண்டியில வந்தது, அதனால அப்பா பேரும் அவ அம்மா பேரும் ஒரே வரியில. யூனா என் கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னா. அப்பா பேரை வெயில்ல படிக்கும்போது மனசு நிறைஞ்சு போச்சு அக்கா.

அத்தானுக்கு என் அன்பு. உன் முழங்கால் படியேறும் நாள் விரைவில் வரட்டும்.

உன் தம்பி,
லிண்ட்சே

பின்குறிப்பு: விழாவில் இலவச சாசேஜ் சாப்பிட வந்த விட்டோரியோ கிழவர், தகட்டைப் படிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். பழைய பாலத்தை இடிச்சு 1961ல இதைக் கட்டினதே அவங்க கோஷ்டிதானாம். நான் அப்போ டார்வின் நகரத்துல வேலையா இருந்தேன், அகலப்படுத்தினாங்கன்னுதான் நினைச்சேன், நகராட்சி ஏட்டுலயும் அப்படித்தான் இருக்காம். "அப்போ இதை முதல்ல கடந்தது யாரு?"ன்னு கேட்டேன். கான்கிரீட் காயறதுக்குள்ள தடுப்பை இடிச்சுத் தள்ளிட்டு, பச்சை ஹோல்டன் கார்ல ஒரு செம்பட்டை முடிக்காரி போனாளாம், கத்தினதுக்கு, "ஓரமா நில்லுங்கடா!"ன்னாளாம். டயர்த் தடம் இன்னும் இருக்கு. அந்த வருஷம் உன் கார் என்ன கலர் அக்கா?