பட்டினி அண்ணனும் கலங்கிய டியூபும்

மலேசியாவில் பாக்டீரியாவிடம் "சாப்ட்டியா?" என்று விசாரித்துவிட்டு, அதன்பிறகே மனிதர்களுக்குக் குட் மார்னிங் சொல்லும் ஆள் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் பட்டினி அண்ணன். பூச்சோங்கில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த மேசை.

உணவில் ஃபோலிக் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது அவர் வேலை. அதற்கென்றே ஒரு பாக்டீரியா இருக்கிறது. ஃபோலிக் அமிலம் கிடைக்காவிட்டால் வளரவே வளராது. அதை முதலில் பட்டினி போட்டு, அந்த அமிலம் தவிர மற்றதெல்லாம் உள்ள டியூபில் விட்டு, உணவின் சாற்றைக் கொஞ்சம் ஊற்றுவார். மறுநாள் டியூப் எவ்வளவு கலங்கியிருக்கிறதோ அவ்வளவு சத்து. பட்டினி போடும் நாளில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. "பிள்ளைங்க பசியில இருக்காங்க, நீங்க இங்க முறுக்கு கடிக்கிறீங்களா?" என்று எங்களை விரட்டுவார். பெயர் அப்படித்தான் வந்தது.

யார் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாலும் ஒரு கரண்டி அந்தப் பிள்ளைகளுக்குப் போயாக வேண்டும். பிறகு ஊருக்கே கேட்கும்படி முடிவை அறிவிப்பார். "தங்கச்சி, உன் மீகூன் நூடுல்ஸ்ல ஒண்ணுமே இல்ல லா. பிள்ளைங்க மூஞ்சத் திருப்பிக்கிட்டாங்க!"

ஒருமுறை பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் கீரைக்கூட்டைக் குப்பியில் அள்ளி லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். சுகாதார அதிகாரி என்று பயந்த கடைக்காரர் ஓடிவந்து, "பாஸ், ஏதும் பிரச்சினையா?" என்றார். "இல்லண்ணே, பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் எடுத்துட்டுப் போறேன்" என்றார் இவர். உருகிப்போன கடைக்காரர் ஒரு பை நிறையச் சோறும் குழம்பும் கட்டிக் கொடுத்தார். அதை நாங்கள்தான் சாப்பிட்டோம்.

மனிதர் வாயில் ஒரு ரகசியம் நிற்காது. என் கவலையே அதுதான். அப்போது நான் கர்ப்பமாக இருந்தேன். முன்பு இரண்டு முறை எல்லாரிடமும் சொல்லி, இரண்டு முறையும் கலைந்துபோனது. ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு நான் ஆறுதல் சொன்னது போதும் என்று, இந்த முறை என் கணவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கிள்ளானிலிருந்து ஒரு முருங்கைக்கீரை பிஸ்கட் சோதனைக்கு வந்தது. மறுநாள் பார்த்தால், உணவே ஊற்றாத டியூபும் மோர் மாதிரி கலங்கி நிற்கிறது. அது தெளிவாக இருந்தால்தான் மற்ற கணக்கெல்லாம் செல்லும். பட்டினி அண்ணன் இழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார். எல்லாவற்றையும் கழுவி, வழக்கம்போல் நான் டியூப்களை அடுக்கித் தர, மறுபடி செய்தார். மறுபடியும் மோர். கடைசியில் ஒரு வரிசையை அவர் அடுக்கினார், இன்னொன்றை என்னை அடுக்கச் சொன்னார். அவருடையது தெளிவாக இருந்தது. என்னுடையது மோர்.

என்னைத் தனியே கூப்பிட்டார். "தங்கச்சி, காலையில கையில என்னத்த தொட்டே?"

"தலைவலி மாத்திரைண்ணே. பாதியா உடைச்சுப் போட்டேன்" என்று புளுகினேன். உடைத்தது டாக்டர் கொடுத்த ஃபோலிக் அமில மாத்திரை.

"தலைவலி மாத்திரைக்கு என் பிள்ளைங்க வளர மாட்டாங்களே..." என்றவர் சட்டென்று நிறுத்தினார். ஃபோலிக் அமில மாத்திரையைத் தினமும் போடுவது கர்ப்பிணிகள் என்று அவருக்கா தெரியாது? மத்தியானத்துக்குள் பூச்சோங் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். "யார் லா இந்த வேலையப் பார்த்தது? எனக்கு இப்பவே தெரியணும்!"

"நான்தான் பாஸ். வடை சாப்ட்டுட்டு கை கழுவாம வந்துட்டேன்" என்றார் பட்டினி அண்ணன்.

எங்களைக் கை கழுவவைத்தே தோலை உரித்த மனிதர் அவர். மேனேஜரால் நம்பவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டு வந்தவர், என் மேசையில் ஒரு கையுறைப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார். அன்றும் எதுவும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

ஸ்கேனில் எல்லாம் நல்லபடியாக வந்தபிறகு, லட்டோடு போய் எல்லாரிடமும் சொன்னேன். பட்டினி அண்ணன் நெஞ்சில் கைவைத்துப் பின்னால் நகர்ந்தார். "ஐயையோ! நெஜமாவா தங்கச்சி? எனக்குத் தெரியவே தெரியாதே லா!"

சொல்லும்போதே அவர் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அவ்வளவு மோசமான நடிப்பை நான் எங்கும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.