அந்தோனியாருக்குப் பக்கத்தில் தங்கத் தளபதி

திங்கட்கிழமை, தோய்க்கப் போட்ட வேலைச் சட்டையின் பையில் இருந்து அல்போன்சம்மா ஒரு மரத்துண்டை எடுத்தாள். ஐந்து மூலை. மேலே கறுப்பு மையில் ஏதோ எழுத்து.

"என்னப்பா இது?"

அவளுடைய புருசன் அருமைநாதன் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் கதை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். சொல்லத்தான் வழியில்லை. ஒரு காலத்தில் சீட்டாட்டத்தில் வீடு வாசலை மறந்து கிடந்த மனிதர் அவர். பிறகு சூசையப்பர் மலைக்கோயில் படிகளில் முழங்காலில் நின்று, "இனி ஒரு விளையாட்டும் தொடமாட்டன்" என்று மனைவிக்கு முன்னால் சத்தியம் பண்ணியவர்.

"கோயில் சாமான்" என்றார். "மொரியாமா தந்தவர். வீட்டுக்கு நல்லதாம்."

அல்போன்சம்மா துண்டைப் பார்த்தாள். புருசனையும் ஒருமுறை பார்த்தாள்.

"நல்லதெண்டால் வைப்பம்" என்று கொண்டுபோய், பீடத்தில் அந்தோனியாருக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

அது ஷோகிக் காய். ஷோகி என்பது யப்பான்காரரின் சதுரங்கம். அந்தக் காய்க்குத் தங்கத் தளபதி என்று பெயர். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் அருமைநாதனோடு வேலை செய்பவர் மொரியாமா. காலையில் காரில் ஏற்றிப்போகிறவரும் அவர்தான். மூன்று மாதமாக இடைவேளைகளில் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்து வந்தார். எல்லாம் பிடிபட்டது, ஒரு விதியைத் தவிர. ஷோகியில் வெட்டிய காய் சாவதில்லை. வெட்டியவர் அதைத் தன் ஆளாக மறுபடி பலகையில், வேண்டிய வெறும் கட்டத்தில் இறக்கலாம்.

"நேற்றுவரைக்கும் உமக்குச் சண்டை பிடிச்சவன் இண்டைக்கு எனக்குப் பிடிப்பானே? வெட்டினால் செத்ததுதான்" என்று அருமைநாதன் காயைச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவார். அதனால் தோற்றுக்கொண்டே இருந்தார்.

இப்போதுதான் முதல்முறையாக அவர் கை ஓங்கியிருந்தது. பாதி ஆட்டம் வேலைத்தலத்து அலுமாரிக்கு மேல் அப்படியே காத்திருந்தது. வெள்ளிக்கிழமையோடு மொரியாமா வேலையை விட்டு வன்கூவரில் மகனோடு இருக்கப் போகிறார். காய்கள் அவருடைய தகப்பன் கையால் செதுக்கியவை. ஒன்று குறைந்த பெட்டியை அந்த மனிதரிடம் எந்த முகத்தோடு கொடுப்பது? நினைக்கவே அருமைநாதனுக்கு வெட்கமாக இருந்தது.

செவ்வாய் இரவு பீடத்துக்குக் கிட்டப் போய்க் கையை நீட்டினார்.

"செபமாலையோ? நல்லது. முழங்காலில நில்லுங்கோ" என்று பின்னால் அல்போன்சம்மாவின் குரல் வந்தது. ஐம்பத்துமூன்று மணியும் உருட்டி முடிந்தபின் எழும்ப முடியவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது.

புதன்கிழமை உடுப்புக் கொழுவும் மரக் கிளிப் ஒன்றைச் சீவி, பேனையால் கோடு கிழித்து, மாற்றிவைக்கப் போனார். அந்த நேரம் பார்த்து லவாலில் இருந்து புது மெட்ரோவில் செபக்கூட்டத்து அக்னெஸ் அக்கா வந்து இறங்கினார்.

"தம்பி, பீடத்தில என்ன செய்யிறீர்?"

"இது... தூசு தட்டுறன் அக்கா."

"அல்போன்சம்மா சொன்ன யப்பான் சாமானோ? கொண்டாரும், கையில தொட்டுப் பாப்பம்."

தொட்டார். அவருடைய தோள்நோ குறைந்ததாம். சேதி பரவி, வியாழன் இரவு அவர்கள் இருந்த கோட்-டெ-நெய்ஜ் பகுதித் தமிழ்ச்சனத்தில் பாதிப்பேர் அந்தச் சின்னக் கூடத்தில் நின்றார்கள். பிரார்த்தனை சொல்ல ஓர் ஆண்குரல் வேண்டுமென்று அக்னெஸ் அக்கா சொல்ல, எல்லாரும் அருமைநாதனைப் பார்த்தார்கள். பத்து வருசமாகச் செபத்துக்கு ஒளித்துத் திரிந்த மனிதர், தொண்டை கட்டும்வரை பிரார்த்தனை சொன்னார். தளபதி நடுவில் நிமிர்ந்து நின்றது.

வெள்ளி மத்தியானம், வேலைத்தலத்துச் சாப்பாட்டு அறை. மொரியாமா பலகையை இறக்கி வைத்தார்.

"மன்னிக்கவேணும்" என்றார் அருமைநாதன், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில். "உங்கட தங்கம் எங்கட வீட்டுச் சாமியாகிவிட்டது. இனி எடுக்க ஏலாது. நான் பொய் சொன்னன், அந்தப் பொய்க்கு முழு ஊரும் முழங்காலில நிக்குது."

சொல்லிவிட்டு, கண்ணைப் பார்க்க முடியாமல் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். புட்டுக்கு மேலே, கடதாசியில் சுற்றியபடி, தங்கத் தளபதி.

"இது... இதை ஆர் இதுக்குள்ள...?"

மொரியாமா காயை எடுத்துத் துடைத்து அருமைநாதனின் பக்கம் வைத்தார். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"உங்கள் மனைவி திங்கட்கிழமையே எனக்குப் போன் எடுத்தார். இது என்ன ஆட்டம் என்று கேட்டார். வெட்டிய காயை வெட்டியவர் தனக்கு வேண்டிய இடத்தில் இறக்கலாம் என்ற ஒரு விதியைத்தான் சொன்னேன். உங்களை எப்படிச் செபத்துக்குக் கொண்டுவருவது என்று பத்து வருசமாக யோசித்தாராம், 'மெர்சி' என்று நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டார்!"