மிஸ் சொன்னால் மட்டும் விரியும் கை

தலவாக்கலை,
13.07.2003, ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த வட்டவளை மச்சான் பொன்னையா அவர்களுக்கு,

தங்கள் தங்கை அழகம்மாவின் கணவன் சின்னராசா பணிவான வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அழகம்மா சுகம், பிரேமினி சுகம், மாடும் கன்றும் சுகம். தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் அப்படியே இருக்க முருகனை வேண்டுகிறேன். எனக்கு மட்டும் சுகமில்லை. காய்ச்சலோ தடிமனோ இல்லை மச்சான், வயிற்றெரிச்சல். அதைத் தங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் போய்க் கொட்டுவது? பலகைச் சந்து வழியாகக் காற்று வீசித் தாள் பறக்கிறது. அதனால் பிரேமினியை எதிரே உட்கார வைத்து, மேல் மூலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுதுகிறேன். பிள்ளை இப்போதுதான் முதலாம் வகுப்பு. என் கையெழுத்தை வாசித்துவிடுவாள் என்ற பயமில்லை.

அவளுடைய இடது கை கைக்குழந்தையிலிருந்தே மடங்கி, பெருவிரலை உள்ளே பொத்திக்கொண்டு கிடப்பது தங்களுக்குத் தெரியும். டவுன் ஆஸ்பத்திரிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கஜனி என்று ஒரு மிஸ் வந்திருக்கிறார், பிள்ளைகளுக்குக் கைகால் பயிற்சி கொடுப்பதில் கெட்டிக்காரி, வார்டில் தங்கத் தேவையில்லை, மூன்று கிழமை தினமும் காலையில் கூட்டிப்போய் மத்தியானம் கூட்டி வந்தால் போதும் என்று தகவல் சொன்னது தாங்கள்தான். ஆகவே இந்தக் கடிதத்தில் வரும் அவ்வளவு கஷ்டத்திலும் தங்களுக்குப் பாதிப் பங்கு உண்டு. அழகம்மா கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். எனக்குத் தேயிலை ஃபெக்டரியில் இரவு வேலை. விடிய வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு பிள்ளையோடு பஸ் ஏறுவது நான்தான். அந்த மிஸ் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? முடியாத கையை விட்டுவிட்டு, நன்றாக இருக்கும் வலது கையைத் துணிப்பைக்குள் போட்டு மணிக்கட்டில் கட்டிவிட்டார்! நல்ல கை சும்மா இருந்தால்தான் மற்றக் கை வேலை பழகுமாம். லீவு நாளிலும் பொழுது சாயும்வரை பையைக் கழற்றக்கூடாதாம். பையில் ஒரு முயல் தைத்திருக்கிறார். பிள்ளைக்கு அந்த முயல் என்றால் உயிர். நான் ஹட்டனிலிருந்து வாங்கி வந்த பொம்மை கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வேலாயி அந்தப் பையைப் பார்த்துவிட்டு என்ன கதை கட்டினாளோ, மறுநாளே தோட்டத் தலைவர் செல்லசாமி வாசலில் வந்து நின்றார்.

"என்னா சின்னராசா, பச்சப்புள்ள கையில சூடு போட்டுட்டு துணியச் சுத்தி வச்சிருக்கியாமே?"

"ஐயையோ தலைவரே, அது வைத்தியமுங்க."

"எந்தக் கைக்கு?"

"எடது கைக்குங்க."

"கட்டியிருக்கிறது சோத்துக் கையில்ல?"

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள் மச்சான். எந்த மிஸ் எப்போது இடம் மாறிப் போவார் என்று காத்திருக்கிறேனோ, அதே மிஸ்ஸின் படிப்பையும் திறமையையும் ஊரைக் கூட்டி வைத்துப் புகழ வேண்டியதாகிவிட்டது. தலைவர் கடைசியில், "அப்பிடின்னா பெரிய ஆளுதான் அந்தம்மா" என்று தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார். இப்போது லயம் முழுக்க அவர் புகழ்தான். வேலாயி தன் முழங்கால் வலிக்கும் மிஸ்ஸைக் கேட்டுப் பார்க்கச் சொல்கிறாள்.

இனித்தான் பெரிய அநியாயம். இரவு முழுக்க ரோலர் சத்தத்தில் நின்றவனுக்கு ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்ததும் கண் சொருகாதா? போன வியாழக்கிழமை கொஞ்சம் அசந்துவிட்டேன். படபடவென்று கைதட்டுகிற சத்தம். திடுக்கிட்டு எழும்பினால், மற்றப் பிள்ளைகளின் தாய்மார் எல்லாரும் சிரிக்கிறார்கள், பிரேமினி துள்ளுகிறாள், மிஸ் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இடது கை விரலால் சிவப்பு மணி ஒன்றை எடுத்துப் பால்மா டின்னுக்குள் போட்டுவிட்டாளாம்! முதல் தடவையாக! "என்னாங்க மிஸ், ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே?" என்றேன். "அப்பா நல்ல நித்திரை. எழுப்ப மனம் வரேல்லை" என்கிறார். மனம் வரவில்லையாம்! கைக்குழந்தையிலிருந்து அந்த விரல்களுக்கு எண்ணெய் தடவி நீவிவிட்டவன் நான். பார்த்தது அவர். தரை கூட்ட வந்தவர்கூடப் பார்த்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது, மச்சான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சரி, வீட்டிலாவது பார்ப்போமென்று அன்று பின்னேரமே பிஸ்கட் ஒன்றை முன்னால் வைத்து, "எடு சாமி" என்றேன். குனிந்து வாயால் கவ்விக்கொண்டாள். மணியை வைத்தேன். "ஏலாதப்பா, மிஸ்தான் வடிவாச் சொல்லித் தருவா" என்கிறாள். ஆமாம் மச்சான், பேச்சே மாறிவிட்டது. "ஆமா" போய் "ஓம்" வந்துவிட்டது. மாட்டைப் பார்த்து "அங்கால போ" என்கிறாள். அது பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது. தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாமாம், மிஸ் தருகிற பனங்கட்டிதான் வேண்டுமாம். கன்றுக்குட்டிக்குப் பெயர் வைக்கச் சொன்னால் கஜனி என்று வைத்திருக்கிறாள். அந்தப் பெயரை இனி நான் காலையும் மாலையும் கூப்பிட வேண்டும்! வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன். ஒருவேளை அந்தப் பேச்சில்தான் விஷயம் இருக்கிறதோ என்று கதவைச் சாத்திவிட்டு, "எடுங்கோ பிள்ளை, கெட்டிக்காரி, எடுங்கோ பாப்பம்" என்று சொல்லிப் பார்த்தேன். பிள்ளை பயந்து போய் என்னையே பார்த்தது. அழகம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வேலாயி, "வீட்டுக்கு யாருங்க வந்திருக்காக?" என்று கேட்டாள்.

தாளைத் திருப்பி எழுதுகிறேன். திருப்பியதும் பிரேமினி தானாகவே மறுபடி மூலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தளவுக்காவது சொல் கேட்கிறாளே. "யாருக்கப்பா எழுதுறீங்கள்?" என்று கேட்கிறாள். "மாமாவுக்கு" என்றேன். "மிஸ்ஸும் சுகம் கேட்டதெண்டு எழுதுங்கோ" என்கிறாள். எழுதிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வெள்ளியோடு மூன்று கிழமை முடிகிறது. அடுத்த மாதம் இன்னொரு மூன்று கிழமை வந்தால் கை இன்னும் நன்றாகத் திருந்தும் என்று மிஸ் சொல்கிறார். அழகம்மா தலையாட்டிவிட்டாள். எனக்கு இஷ்டமில்லை. மிச்சத்தை வீட்டிலேயே பழக்கலாம். தாங்கள் அடுத்த ஞாயிறு அவசியம் வந்து, மூத்தவர் என்ற முறையில், "போதும், நிப்பாட்டுங்க" என்று தங்கள் தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொன்னால், "ஒங்களுக்குப் பொறாமைங்க" என்கிறாள். ஆமாம், பொறாமைதான்! பெற்றவனுக்கு இல்லாத பொறாமை வேறு யாருக்கு வரும்? மிஸ்ஸுக்கு மணி எடுக்கிறாள், பந்து எறிகிறாள், டாட்டா காட்டுகிறாள். அந்தக் கை எனக்கென்று ஒரு வேலை, ஒரே ஒரு வேலை செய்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் வந்திருக்காது. அது செய்யாது மச்சான். மிஸ் சொன்னால் மட்டும்தான் விரியும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடு, சின்னவர்களுக்கு முத்தம். மாரியம்மன் எல்லாரையும் காத்து நிற்கட்டும்.

தங்கள் அன்புள்ள மைத்துனன்,
சின்னராசா.

பி.கு: மச்சான், வரவேண்டாம்! யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம்! கையெழுத்துப் போட்டுத் தாளை மடிக்க இழுத்தேன், வரவில்லை. "கைய எடும்மா" என்றேன். "மை காயட்டும், பொறுங்கோ" என்றாள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். முயல் பை மடியில் கிடக்கிறது, வலது கை அதற்குள் இருக்கிறது. அப்படியென்றால் தாளை அமுக்கிப் பிடித்திருக்கிறது எந்தக் கை? எடது கை மச்சான்! அஞ்சு விரலும் விரிஞ்சு, பெருவிரல் வெளிய நீட்டிக்கிட்டு! முதல் வரியிலிருந்து பிடித்திருக்கிறாள். அந்தக் கைக்குக் கீழேயே நான் இவ்வளவையும் எழுதித் தள்ளியிருக்கிறேன். "ஏம்மா சொல்லல?" என்று கேட்டால், "நீங்கதானே புடிக்கச் சொன்னீங்க" என்கிறாள். அழகம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிள்ளையைப் பார்த்து அழுதாள். பிறகு கடிதத்தை வாசித்துவிட்டு என்னைத் திட்டினாள்.

அடுத்த மாதமும் போகிறோம். மூலையில் இருக்கும் அழுக்கு தேத்தண்ணிக் கறை இல்லை, அவள் விரல்களின் அடையாளம். பெருவிரலைத் தனியாகப் பாருங்கள். பார்த்துவிட்டு அடுத்த தபாலிலேயே கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், எனக்கு வேண்டும். நாளைக்குக் காலையில் மிஸ்ஸிடம் விஷயத்தைச் சொல்வேன். "ஐயோ, நான் பாக்கேல்லையே" என்று அவ கட்டாயம் சொல்லுவா. அதற்குப் பதிலை இப்போதே அவ பேச்சிலேயே பாடமாக்கி வைத்திருக்கிறேன்: "மிஸ், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை நல்ல நித்திரையா இருந்திருப்பியள். எழுப்ப மனம் வரேல்லை."